கடைமடை வரை எட்டும் மூச்சு

மன்னார்குடிக்கு அருகிலிருந்து எழுதியிருக்கும் வாசகி ஒருவரின் தாயாருக்கு, மேல்வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு நான்கு வாரம் கழித்து நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை தினமும் நடக்க வேண்டும் என்றும், மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பழக வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, ‘கத்தி வைக்கப் போகிற உடம்பை இப்போதே அலட்டலாமா?’ என்று அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லையாம். இதில் யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

மருத்துவர் சொல்வதே சரி. பெரிய அறுவைக்குப் பின் உடலின் ஆக்சிஜன் தேவை பல நாட்களுக்குக் கூடியே இருக்கும். இதயமும் நுரையீரலும் ஓய்வின்றி அதை ஈடுகட்ட வேண்டும். இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறிப் பழகியவருக்கு அந்தச் சுமை புதிதன்று; படுத்தே கிடந்தவருக்குத் தசையும் கரைந்திருக்கும், இதயத்தின் கையிருப்பும் குறைந்திருக்கும். முட்டை, மீன், பருப்பு என்று புரதம் கூட்டுவது, சோகையைச் சரிசெய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது ஆகியவை பலரும் அறிந்தவை. வெற்றிலையோடு அடக்கும் புகையிலையும் புகையிலைதான் என்பதை மட்டும் நம் பக்கத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது; அதிலுள்ள நிகோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

இனி அந்தப் பந்துகளுக்கு வருகிறேன். நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள் உள்ளன. ஒவ்வொன்றின் உட்சுவரிலும் ஈரப்படலம் ஒன்று பரவியிருக்கிறது. நீரின் பரப்பு இழுவிசை அந்தப் பையை ஓயாமல் உள்நோக்கிச் சுருக்கப் பார்க்கிறது. பை மூடிக்கொள்ளாமல் காப்பது, சுவரிலுள்ள சில செல்கள் சுரக்கும், கொழுப்பும் புரதமும் கலந்த வழவழப்பான பொருள். நீரில் சோப்பு செய்வதைப் போல அது இழுவிசையைத் தளர்த்துகிறது. எனக்கு அலுக்காத அதிசயம் இதற்கு அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. அந்தச் செல்கள் தம்மிடமுள்ள சரக்கைப் புதிதாக வெளிவிடுவதற்கான வலுவான தூண்டுதல், அவை நன்றாக இழுபடுவதுதான். வழக்கமான சிறு மூச்சில் அந்த இழுப்புப் போதாது. அதனால்தான் மூளைத்தண்டு நம்மைக் கேட்காமலே சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு பெருமூச்சை விடவைக்கிறது. பெருமூச்சு விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று கண்டிக்கும் பாட்டிமார்களும், தூங்கும்போது அதையேதான் செய்கிறார்கள்.

அறுவை மேசையில் இந்த ஏற்பாடு குலைகிறது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் மயக்க மருந்தால் தளர்ந்து மேலேறி, நுரையீரலின் கீழ்ப்பகுதியை அமுக்குகிறது. சில நிமிடங்களிலேயே அங்கே பைகள் மூடத் தொடங்குகின்றன. விழித்த பிறகு, தையல் வலிக்கு அஞ்சி நோயாளி மேலாகவே மூச்சு விடுகிறார். வலி நீக்கும் ஓப்பியாய்டு மருந்துகளோ பெருமூச்சை அடக்குகின்றன. ஆற்றில் தண்ணீர் ஓடியும் கடைமடை வயல் காய்வது நமக்குத் தெரிந்த கதைதானே. மூக்கில் காற்று ஏறியிறங்கும்போதே நுரையீரலின் அடிப்பகுதி காற்று எட்டாமல் கிடக்கிறது. அங்கே சளி தேங்கினால் நிமோனியா வர வழி பிறக்கிறது.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 441 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குக் கையேடு மட்டும் தரப்பட்டது. மற்றவர்களுக்கு அதோடு பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, நுரையீரலுக்கு என்ன நேரும் என்பதை விளக்கி, விழித்தவுடன் மணிக்கொருமுறை எப்படி ஆழ்ந்து மூச்சிழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நுரையீரல் சிக்கல் முதல் பிரிவில் 27 சதவீதம் பேருக்கும் இரண்டாவது பிரிவில் 12 சதவீதம் பேருக்கும் வந்தது. விலையுயர்ந்த இயந்திரங்களுக்கு எளிதில் ஒதுக்கப்படும் பணம் இத்தகைய அரை மணி நேரப் பணிக்கு ஆள் நியமிக்க ஏன் கிடைப்பதில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம்.

ஆடி கழியட்டும் என்று அறுவையைத் தள்ளிப்போடும் குடும்பங்களை நம் ஊர்களில் பார்க்கிறோம். நாளைக் குறிக்க வேண்டியது நோயின் தன்மையே அன்றிப் பஞ்சாங்கம் அன்று. ஆயினும் எக்காரணத்தாலோ கிடைத்த நான்கு வாரத்தைக் கட்டிலில் கழிப்பது அதைவிட வீண்.

கருவியைப் பற்றி ஒரு திருத்தம். பலர் அதைப் புல்லாங்குழல் போல ஊதுகிறார்கள். ஊதினால் பந்து அசையாது, இழுக்க வேண்டும். மூன்று பந்துகளையும் வெடுக்கென்று ஒரு நொடி எழுப்புவதைவிட, மெதுவாக இழுத்து இரண்டு பந்துகளை மூன்று நொடி மேலே நிறுத்துவது மேல். பைகள் விரிய நேரம் வேண்டும். வாசகியின் தாயார் காலையில் வாய்க்கால் கரையோரம் நடந்துவிட்டு வந்து இதைச் செய்யட்டும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமவும் இப்போதே பழகட்டும். தையல் வலியும் மருந்து மயக்கமுமாக விழிக்கும் வேளையில், புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும் நிலையில் அவர் இருக்கமாட்டார்.