ஃபிரெஷ்: ஒரு சொல்லுக்குப் பல தமிழ்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், பெரியவர்கள் இன்னும் கடைத்தெரு என்றே சொல்லும் தெருவுக்குப் பக்கத்தில், நண்பர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு முன்னால் புதுப் பலகைகள் எழுத நினைத்தவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். ஃபிரெஷ் பால், ஃபிரெஷ் பூ, ஃபிரெஷ் காய்கறி, ஃபிரெஷ் தேங்காய்ப்பால் என்று நான்கு வரி. "ஃபிரெஷ்ஷுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் கொடுங்கண்ணே, நாலு பலகையிலயும் அதையே போட்டுடலாம்" என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரே சொல்லாகக் கொடுக்க முடியவில்லை.

உடனே கைக்கு வருவது 'புதிய'. விளம்பரத் தாள்களில் அதைத்தான் பார்க்கிறோம். ஆனால் 'புதிய பால்' என்றால் புதிதாகச் சந்தைக்கு வந்திருக்கும் ஒரு பால் என்று தோன்றும். 'புதிய மீன்' என்றால் இதுவரை யாரும் பார்த்திராத மீன். மலாய் பேசிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு புரியாத விஷயம் இல்லை. புது வீட்டுக்கு 'பாரு' என்கிறோம், மீனுக்கு 'செகார்', ஆற்றுத் தண்ணீருக்கு 'தாவார்'. மலாயில் பிரித்துப் பேசத் தெரிந்த நாம் தமிழில் மட்டும் எல்லாவற்றுக்கும் 'புதிய' என்று ஒட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஃபிரெஷ் என்ற சொல்லின் வேரைப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். பழைய ஆங்கிலத்தில் 'ஃபெர்ஸ்க்' என்று ஒரு சொல் இருந்தது. நீரைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு 'உப்பில்லாத' என்று பொருள். பிறகு பிரெஞ்சு வழியாக அதன் உறவுச் சொல் ஒன்று வந்து சேர்ந்தது. 'அண்மையில் ஆன', 'குளிர்ச்சியான' என்ற பொருள்களை அது கொண்டுவந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லும் ஜெர்மானிய மொழிகளிடமிருந்து போனதுதான். இப்படி இரண்டு ஓடைகள் கலந்த சொல் என்பதால்தான் கெடாதது, வாடாதது, களைப்பில்லாதது, அனுபவமில்லாதது என்று அது எதற்கும் பொருந்துகிறது. துடுக்காகப் பேசுகிறவரையும் அமெரிக்கப் பேச்சில் ஃபிரெஷ் என்பார்கள்.

அந்த முதல் பொருளுக்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: நன்னீர். பேச்சில் நல்ல தண்ணீர். ஆங்கிலம் உப்பு இல்லை என்பதைப் பார்த்தது, தமிழ் குடிக்க நல்லது என்பதைப் பார்த்தது. பேராக்கில் ஆயர் தாவார் என்றொரு ஊர் இருக்கிறதே, அதை அப்படியே தமிழாக்கினால் நன்னீர் என்றுதான் வரும்.

அடுத்து, பச்சை. ஃபிரெஷ் போலவே பல கைகள் உள்ள சொல் இது. கருவாடு ஆகாத மீன் பச்சை மீன். புழுக்காத நெல்லிலிருந்து வருவது பச்சரிசி. காயாத விறகு பச்சை விறகு, காய்ச்சாத தண்ணீர் பச்சைத் தண்ணீர், ஆறாத புண் பச்சைப் புண். பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி, காற்றில் நிற்காதே' என்று அதட்டும் பாட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிறம் இதில் எங்கும் இல்லை. ஈரம் போகவில்லை, நெருப்போ வெயிலோ காலமோ இன்னும் அதைத் தொடவில்லை என்பதுதான் இங்கே பொருள். திருக்குறள் 660ஆம் குறளில் வரும் 'பசுமண் கலம்' அதே ஈரத்தைத்தான் சொல்கிறது: வஞ்சனையால் சேர்த்த பொருளைக் காப்பது, சுடாத மண்பானையில் நீர் ஊற்றி வைப்பது போல. இத்தாலியர்கள் ஈரம் காயாத சுண்ணப்பூச்சின் மேல் தீட்டும் ஓவியத்தை ஃபிரெஸ்கோ என்கிறார்கள். அதுவும் ஃபிரெஷ்ஷின் உறவுதான். அந்தப் பூச்சைப் பசுஞ்சுண்ணம் என்று தமிழில் சொன்னால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

ஆனால் பலகையில் 'பச்சைப் பால்' என்று எழுத முடியாது. அது காய்ச்சாத பால் என்றாகிவிடும். நேற்றுக் கறந்ததும் காய்ச்சாத வரைக்கும் பச்சைப் பால்தான்.

அப்புறம்தான் தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டி நினைவுக்கு வந்தார். சைக்கிளில் மீன் கொண்டுவருபவரிடம் அவர் ஃபிரெஷ்ஷா என்று கேட்டதே இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "இது இன்னைக்கு மீனா, நேத்து மீனா?" என்பார். அவர் கேட்டது எந்த நாள் மீன் என்பதை. பழந்தமிழில் அன்று மலர்ந்த பூவுக்கு 'நாண்மலர்' என்று பெயர், அதாவது அந்த நாளின் மலர். 'அன்றலர்ந்த தாமரை' என்பதும் அதே வழக்கம். சுடச்சுட இட்டலி, கறந்த பால், பறித்த கீரை, பிழிந்த சாறு என்று எங்கே பார்த்தாலும் தமிழ் ஒரு வினையையோ ஒரு நேரத்தையோ சொல்லித்தான் இந்தப் பொருளைக் காட்டுகிறது. எதற்கு எதிராகச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொண்டால் சொல் தானாக வந்துவிடும். உப்புக்கு எதிர் என்றால் நன்னீர், காய்ந்ததற்கு எதிர் என்றால் பச்சை, நேற்றைக்கு எதிர் என்றால் இன்று.

மனிதர்களைப் பற்றி வரும்போது வேலை எளிது. வேலை தேடும் ஃபிரெஷ் கிராஜுவேட் புதுப் பட்டதாரி. இங்கே 'புது' சரியான சொல். மறக்காத நினைவு பசுமையான நினைவு. 'ஃபிரெஷ் ஆகிட்டு வரேன்' என்றால் முகம் கழுவிக்கொண்டு வருகிறேன், அவ்வளவுதான். ஃபிரெஷ் ஏர் வேண்டும் என்று சாயங்காலம் கர்னி கடற்கரைக்குப் போகிறோமே, அதற்கு அடைமொழியே தேவையில்லை. காற்று வாங்கப் போகிறோம்.

சரி, நண்பரின் பலகைகளுக்கு வருகிறேன். 'இன்று கறந்த பால்' உடனே முடிவானது. 'இன்று பறித்த பூ' என்று நான் எழுதியதும் அவர் தடுத்தார். "கேமரன் மலையில பறிச்சு ராத்திரி லாரியில வருதுண்ணே, இன்னைக்குப் பறிச்சதுன்னு எப்படிப் போடுறது?" நியாயம். ஃபிரெஷ் என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கடையில் அக்காமார் விடியற்காலையிலேயே உட்கார்ந்து தொடுப்பதால் 'இன்று தொடுத்த பூ' என்று மாற்றினோம். தேங்காயை வாங்குபவர் முன்னாலேயே துருவிப் பிழிந்து கொடுக்கிறார். அதனால் 'கண்ணெதிரே பிழிந்த தேங்காய்ப்பால்'. காய்கறிக்கு 'இன்று வந்த காய்கறி'.

லாரி வராத நாட்களில் அந்தக் கடைசிப் பலகையை மட்டும் அவர் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறார்.