கந்தோவான்: பாறைக்குள் குடியிருக்கும் ஊர்

ஈரானின் வடமேற்கில், தப்ரீஸ் நகருக்குத் தெற்கே, 3,707 மீட்டர் உயரமுள்ள சஹந்த் எரிமலையின் சரிவில் இருக்கிறது கந்தோவான். கூம்பு கூம்பாக நிற்கும் பாறைகளைக் குடைந்தே வீடுகள். இன்றும் குடும்பங்கள் அவற்றில் வாழ்கின்றன. கீழே தொழுவம், அதற்கு மேல் வீடு, உச்சியில் பண்டம் வைக்கும் அறை என்பது பழைய வழக்கம்.

எரிமலை கக்கிய சாம்பலும் கற்களும் படிந்து இறுகி இந்தப் பாறை உருவானது. வெடிப்புகள் வழியே மழைநீர் அரித்தது போக மிஞ்சியவைதான் கூம்புகள். உளிக்கு இடங்கொடுக்கும் அளவு மென்மை, மேல்தளத்தைச் சுமக்கும் அளவு வலிமை இரண்டும் இதற்கு உண்டு. ஆனால் இது அழுத்தத்தைத்தான் தாங்கும், இழுவையைத் தாங்காது. அகலமான தட்டைக் கூரையின் அடிப்பகுதி நடுவில் இழுபட்டு விரியும். வளைவாகக் குடைந்தால் பாரம் பக்கச் சுவர்களுக்கு இறங்கிவிடும். அதிகமாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. அதனால் அறையைச் சிறிதாகத் தொடங்கி மெல்ல அகலப்படுத்துவதே பாதுகாப்பு.

சுவரின் தடிமன் செய்யும் வேலை அழகானது. பாறைக்குள் வெப்பம் மெதுவாகவே நகரும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி அடிக்கும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்குள் அநேகமாக அடங்கிவிடும். கோடையும் பனிக்காலமும் மாறும் ஆண்டு ஏற்ற இறக்கமோ 2 மீட்டர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, சுமார் இரண்டு மாதம் தாமதமாக வந்து சேரும். வெளியே குளிர் உச்சத்தில் இருக்கையில் சுவரின் உட்புறம் இலையுதிர்காலத்தின் மிச்ச வெப்பத்தை வைத்திருக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்கு அடுப்பே வேண்டாம் என்பது மிகை. மலைப்பனியில் பாறையும் குளிரத்தான் செய்யும். மூட்டிய தீயின் சூடு சட்டென்று போய்விடாது என்பதே உண்மையான லாபம். கதவும் சன்னலும்தான் கசிவு வாய்கள், அவை சிறிதாக இருந்தால் நல்லது.

பெரிய எதிரி தண்ணீர். நுண்துளைகள் நிறைந்த பாறை ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும். வெடிப்பில் புகுந்த நீர் உறைந்தால் 9 சதவீதம் பருத்துப் பாறையைப் பிளக்கும். ஆகவே கூம்பின் மேல் விழும் பனியும் மழைநீரும் தேங்காமல் வழிந்தோட வேண்டும். விரிசலைச் சிமெண்டால் பூசுவது கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் கெடுதல். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, அது கரைத்துவரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சோடு பாறையின் மேல்தோலையும் உரித்துவிடும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை மூச்சுவிட விடும், அதனால் அதுவே பொருத்தம்.