பணியிட மோதலும் ஐந்து பாணிகளும்

அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் 'நீங்கள் எந்த வகை?' என்று கேட்டு, ஆளுக்கொரு முத்திரை குத்திவிடுகிறார்கள். மோதலை ஒருவர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்க்க, மேலாண்மை ஆய்வாளர்கள் கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974இல் வெளியிட்ட வினாத்தாளை அப்படிப் பயன்படுத்துவது தவறு.

அது அளப்பது இரண்டைத்தான்: கருத்து மோதும்போது நம் தேவையை எவ்வளவு வலியுறுத்துகிறோம், எதிரில் இருப்பவரின் தேவைக்கு எவ்வளவு இடம் தருகிறோம். முதலாவது மட்டும் ஓங்கினால் அடித்துப் பேசி வெல்வது. இரண்டாவது மட்டும் ஓங்கினால் விட்டுக்கொடுப்பது. இரண்டும் குறைந்தால் ஒதுங்குவது, இரண்டும் கூடினால் சேர்ந்து வழி தேடுவது. நடுவில் சமரசம்.

ஐந்து பாணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10 சோடிகள். ஒவ்வொன்றும் 3 தடவை வர, மொத்தம் 30 கேள்விகள். பாணிக்கு ஒன்றாகத் தரப்பட்ட இரு வாக்கியங்களில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும். ஒரு பாணி 4 சோடிகளில் வருவதால் அதற்கு உச்ச மதிப்பெண் 12, ஐந்தின் கூட்டுத்தொகை எப்போதும் 30. ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும். கையில் முதலில் வருவது எது என்பதை இந்த எண் சொல்லும். அதில் நமக்கிருக்கும் திறமையைச் சொல்லாது.

அதிகம் குழம்புவது சமரசத்தில்தான்; சேர்ந்து வழி தேடுவதும் அதுவும் ஒன்றல்ல. மென்பொருளைச் சோதிக்க 4 நாள் வேண்டும் என்கிறது சோதனைக் குழு. நாளையே வேண்டும் என்கிறது விற்பனைக் குழு. 2 நாள் என்று முடித்தால் சோதனை அரைகுறை, வாடிக்கையாளருக்கும் தாமதம். 'ஏன் நாளை?' என்று கேட்டிருந்தால், நாளை செயல்விளக்கம் மட்டுமே என்று தெரிந்திருக்கலாம். அதற்குத் தேவையான 3 திரைகளை இன்றே சோதித்துவிட்டு, மீதிக்கு 4 நாள் எடுக்கலாம்.

மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் இதை 1925லேயே விளக்கினார். ஹார்வர்டு நூலக அறையில் ஒருவர் சன்னலைத் திறக்கச் சொன்னார். ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். ஆளில்லாத பக்கத்து அறைச் சன்னலைத் திறந்தார்கள். அவருக்குத் தேவை காற்று. இவருக்கு, வாடைக்காற்று நேரே மேலே படக்கூடாது. பாதி திறந்திருந்தால் இருவருக்குமே குறைதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இப்படி உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது. இயந்திரப் பாதுகாப்பில் பேரம் கிடையாது; அங்கே உறுதியாக நிற்பதே சரி. நம் பக்கம் தவறென்று தெரிந்தால் உடனே விட்டுக்கொடுக்கலாம். கோபம் தணியட்டும் என்று ஒதுங்குவதும் நல்லதுதான், மறுபடி பேசும் நாளையும் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொண்டால். குறிக்காவிட்டால் அந்தப் பேச்சு தள்ளிக்கொண்டே போய், மேலதிகாரிக்கு நகல் போட்ட மின்னஞ்சலாக வந்து நிற்கும்.