குருத்தணு: ‘ஸ்டெம் செல்’லுக்கு எது சரியான தமிழ்?

கோலாலம்பூரில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் உள்ள பிள்ளையோடு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் காதில் விழுவது ‘ஸ்டெம் செல்’; மலாயில் ‘செல் ஸ்டெம்’. தமிழில் எழுத உட்கார்ந்தால் தண்டணு, மூல உயிரணு, குருத்தணு என்று ஆளுக்கொன்று.

மூலச்சொல் ஜெர்மன். உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் எழுதிய ‘ஸ்டாம்ட்செல்ல’. ‘ஸ்டாம்’ என்றால் அடிமரம். குலம் என்றும் பொருள். எல்லா உயிர்களும் கிளைத்த ஆதி ஓரணு உயிரையே அவர் முதலில் அப்படி அழைத்தார். நாம் ‘கொடிவழி’ என்று கொடியாகப் பார்ப்பதை அவர்கள் மரமாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆக, தண்டணு என்பது ஆங்கிலத்தின் நிழல். போதாததற்குத் தண்டுவடத்தை வேறு நினைவூட்டும். ஊசி முதுகுத்தண்டில் இறங்குமோ என்று தாய் பயப்படுவாள். உண்மையில் இந்த அணுக்கள் உள்ள எலும்பு மஜ்ஜையை எடுப்பது கொடையாளரின் இடுப்பெலும்பிலிருந்து. மூல உயிரணு பிழையில்லை, ஆனால் அது என்ன செய்கிறது என்று சொல்லவில்லை.

செம்பனை மரத்தைப் பாருங்கள். உச்சிக் குருத்து ஒன்றுதான். மட்டை மட்டையாக விட்டுக்கொண்டே தானும் குருத்தாகவே நிற்கும். வண்டு துளைத்துக் குருத்து அழுகினால் மரமே போச்சு. குருத்தணுவும் அப்படித்தான்: தன்னையும் புதுப்பிக்கும், வேறு அணுக்களையும் ஈனும். ஆனால் இரத்தக் குருத்தணு இரத்த அணுக்களைத்தான் தரும், தசையைத் தராது. தலசீமியாவுக்கு அது உதவுவதற்கும் தசைச்சிதைவு நோய்க்கு உதவாததற்கும் காரணம் இதுவே.

‘குருத்தணு மாற்று சிகிச்சை’ என்றதும் கத்தியை நினைக்க வேண்டாம். முதலில் கடும் மருந்தால் பழைய மஜ்ஜையை அழிப்பார்கள். பிறகு கொடையாளரின் குருத்தணுக்களை இரத்தம் ஏற்றுவதுபோல் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். பொதுவாக நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2 மில்லியன் குருத்தணு வேண்டும். 20 கிலோ பிள்ளைக்கு 40 மில்லியன். நியூட்ரோபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை மூன்று நாள் தொடர்ந்து மைக்ரோலிட்டர் இரத்தத்துக்கு 500ஐத் தொட்டால் ‘வேர்பிடித்தது’ என்று கணக்கு. பிடிக்காமலும் போகலாம்; பிடித்தபின் கொடையாளர் அணுக்கள் பிள்ளையின் தோலையும் குடலையும் தாக்கலாம். உடன்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். அதனால்தான் பிள்ளையின் சொந்தக் குருத்தணுவையே வெளியே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திரும்ப ஏற்றும் ஆய்வு வளர்ந்தது. காஸ்ஜெவி என்ற அத்தகைய சிகிச்சைக்கு பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதி தந்தது.

‘ஸ்டெம் செல்’ என்று பொட்டலத்தில் விற்கும் பொடி வேறு கதை. வாயில் போட்டால் அணு வயிற்றிலேயே செரித்துவிடும்.

எழுதும்போது முதல் முறை ‘குருத்தணு, அதாவது ஸ்டெம் செல்’ என்று எழுதுங்கள். மருத்துவமனைப் படிவத்தோடு ஒப்பிட வசதி. பிறகு குருத்தணு போதும்.