ஃபெரியிலிருந்து இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

குளிர்காலத்தில் ஃபெரியில், அதாவது வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் கப்பலில், காரோடு தீவுக்குக் கிளம்புகிறவர்கள் கடலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். கடலைப் பார்த்துக்கொள்ள மாலுமிகள் இருக்கிறார்கள். வண்டிகள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் மறுகரையில், கப்பலின் கதவு திறந்த பிறகுதான். குளிரில் கிடந்த வண்டி, உப்புநீரில் நனைந்த பிரேக், அரைத்தூக்கத்தில் ஓட்டுநர், பின்னால் அவசரப்படும் ஒரு நீண்ட வரிசை. அந்த ஒரு மணி நேரத்துக்கான ஏற்பாட்டை வீட்டு வாசலிலேயே முடித்துவிட வேண்டும்.

முதலில் மாத்திரை. கடல் பயணத்தில் குமட்டாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் டைமென்ஹைட்ரினேட், மெக்ளிசின் போன்றவை தூக்கத்தை வரவழைப்பவை. ஏறுவதற்கு அரை மணி முன்பு போட்டால், 2 மணி நேரக் கடல் பயணம் முடிந்து இறங்கும்போது மருந்து முழு வேகத்தில் இருக்கும். தூக்கம் கண்ணை அழுத்தாவிட்டாலும் கைகால் சுதாரிப்பது தாமதமாகும். பனிச் சாலையில் அந்த அரை நொடி போதும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹயோசின் பட்டையும் பார்வையை மங்கலாக்கக்கூடும். ஆகவே ஓட்டப்போகிறவர் இவற்றைத் தவிர்த்து, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், அடிவானம் தெரியும் இடத்தில் உட்காரட்டும். மருந்து இல்லாமல் முடியாது என்றால் ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுப்பதுதான் சரி. ஆளில்லையென்றால் அன்றிரவு துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி. குளிர் ஏறினாலே அதன் திறன் குறையும். உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் பாதிதான் மிஞ்சும். கெட்டிப்பட்ட ஆயிலைச் சுழற்ற எஞ்சினுக்கோ அப்போதுதான் கூடுதல் மின்சாரம் தேவை. இந்த நேரத்தில் திருட்டு அலாரம் வேறு சேர்ந்துகொள்கிறது. கப்பல் சாயும்போதெல்லாம் வண்டியை யாரோ தூக்குவதாக அதன் சாய்வு உணரி நினைத்து அலறி, பேட்டரியைத் தின்னும். கேட்டு நிறுத்த ஆள் இருக்காது. பெரும்பாலான கப்பல்களில் ஓடும்போது கார் தளத்துக்குப் போக விடமாட்டார்கள். சாய்வு உணரியை மட்டும் அணைக்கும் வழி கார் கையேட்டில் இருக்கும். அதை முந்தைய நாளே பழகிக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும்போதும் படம்பிடிக்கும் டேஷ்கேமின் பார்க்கிங் மோடையும் நிறுத்துங்கள். பேட்டரிக்கு 4, 5 வயதாகியிருந்தால் சோதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேரம் வைத்துத் தானாகப் பற்றி வண்டியைச் சூடாக்கும் எரிபொருள் ஹீட்டர் உள்ள வண்டிகளில் அந்த டைமரைக் கட்டாயம் அணைக்க வேண்டும். 2014 டிசம்பர் 28 அன்று கிரீஸிலிருந்து இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்த நார்மன் அட்லாண்டிக் கப்பலில் தீ தொடங்கியது கார் தளத்தில்தான். நெருக்கி நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே தீயை அடக்குவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. எரிபொருள் கேன், கேஸ் சிலிண்டர் இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

டயர் காற்று ஒவ்வொரு 5, 6 டிகிரி குளிருக்கும் 1 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) இறங்கும். கதகதப்பான கராஜில் 20 டிகிரியில் அடித்த காற்று, மைனஸ் 10-இல் 5 பிஎஸ்ஐ குறைவாக இருக்கும். வெளியில் நிறுத்தி ஆறிய பிறகு அளந்து அடிப்பதுதான் கணக்கு.

டீசல் வண்டிக்கு ஒரு சங்கடம் உண்டு. மிதமான கடற்கரை ஊரில் நிரப்பிய டீசல் கடுங்குளிருக்கானதாக இல்லாமல் போகலாம். மலைப்பகுதியில் அதில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். அரை டேங்கோடு ஏறி, இறங்கியபின் குளிர்கால டீசல் விற்கும் பங்கில் நிரப்பினால் நல்லது. ஆனால் அந்தப் பங்க் இரவில் திறந்திருக்குமா என்று கேட்டு வைத்துக்கொண்டால்தான் இந்த யோசனை உதவும். பெட்ரோல் வண்டிக்கு இந்தக் கவலையில்லை, முழுதாக நிரப்பலாம்.

வரிசையில் நிற்கும்போது பனி குவிந்து புகைபோக்கியை மூடினால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும். மூடியிருந்தால் எஞ்சினை நிறுத்துங்கள், அள்ளிவிட்டுப் போடுங்கள். கூரைப் பனியையும் அங்கேயே தட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் பிரேக் போடும்போது பாளமாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடும். கூரைமேல் பெட்டி இருந்தால் அதோடு சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து டிக்கெட் எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கப்பலுக்குள் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக், அத்துடன் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’. பக்கத்துக் காருக்கும் உங்களுக்கும் ஒரு ஆள் நுழையும் இடம்கூட இருக்காது. மருந்து, ஸ்வெட்டர், குழந்தையின் பால் எல்லாம் ஒரே பையில் மடியிலேயே இருக்கட்டும்.

நேரத்தையும் யோசியுங்கள். ஃபெரி ரத்தாவதற்குக் காரணம் பெரும்பாலும் பனி இல்லை, காற்று. உயரமான பக்கங்கள் கொண்ட கப்பலைப் பக்கக்காற்றில் துறையோடு அணைப்பது சிரமம். வானிலை அறிக்கையில் 34 நாட் (மணிக்கு ஏறக்குறைய 63 கிலோமீட்டர்) காற்று என்று கண்டால் மாற்றுத் தேதியை யோசிக்கத் தொடங்குங்கள். கடைசிக் கப்பலை நம்ப வேண்டாம். நண்பகலில் இறங்கினால் வெளிச்சம் மிச்சமிருக்கும். அன்றாட மருந்தை 2 நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இறங்கும் நேரம். திறந்த தளத்தில் நின்ற வண்டியின் கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும். உலர்ந்த வைப்பரை ஓட்டினால் கீறும், எதிர் வெளிச்சத்தில் கண் கூசும். உறையாத வாஷர் திரவத்தைத் தாராளமாக அடித்துத் துடையுங்கள். துறைமுகத்தை விட்டு வந்ததும், பின்னால் வண்டி நெருக்கமாக இல்லாதபோது, மூன்று நான்கு முறை லேசாக பிரேக் அழுத்துங்கள். ஈரமும் மேல்துருவும் போய்விடும்.

பிறகு வெப்பமானியைப் பாருங்கள். 1000 மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். துறையில் 3 டிகிரி, சாலை வெறும் ஈரம் என்று நினைத்து ஏறினால், 500 மீட்டர் உயரத்தில் அதே ஈரம் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாகக் கிடக்கும். பாலங்கள் அதற்கு முன்பே உறைந்துவிடும். பின்னால் வருபவர் அவசரப்பட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள்.