ரிப்போர்ட் நார்மல் என்றதும் வாடும் முகம்

"பெத்தவ அப்படிச் செய்வாளா டாக்டரம்மா?" குழந்தைக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லி, சில நேரம் தானே நோயை உண்டாக்கி, ஆஸ்பத்திரிக்கு அலையவைப்பதைப் பற்றிய கேள்வி இது. 'மஞ்சௌசன் சின்ட்ரோம் பை ப்ராக்ஸி' என்று அதற்குப் பெயர். இந்த வருடம் மூன்றாவது முறையாக இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. இம்முறை கேட்டது எங்கள் வார்டு சிஸ்டர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோத்தகிரிப் பக்கத்துக் குழந்தை, நாலு வயது (ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). தினமும் ராத்திரி வலிப்பு வருகிறது என்கிறார் அம்மா. கையில் தலையணை மாதிரி ஒரு ஃபைல். கோயம்புத்தூருக்கு மூன்று முறை ரெஃபர் ஆகி, மேட்டுப்பாளையம் ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தபடி போய்வந்த குழந்தை. இரண்டு இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் டெஸ்ட்), ஒரு எம்ஆர்ஐ, முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தது ஒரு தடவை. எல்லாம் நார்மல். ஆனாலும் இரண்டு வகை வலிப்பு மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அங்கன்வாடியில் பாதி நேரம் தூக்கம்.

அந்த வலிப்பை அம்மாவைத் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. கூடலூரில் ஒரு துக்கம் என்று அவர் இரண்டு நாள் போனார். அப்பாவைப் பெற்ற பாட்டி வார்டில் இருந்தார். மருந்தில் மாற்றமில்லை. "எங்கிட்ட ஒண்ணும் வரலையே கண்ணு, நல்லா தூங்குச்சே" என்றார் பாட்டி. அம்மா திரும்பி வந்த ராத்திரியே, "இப்பதான் வந்து நின்னுச்சு சிஸ்டர்." இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. இஇஜி நார்மல் என்பதால் வலிப்பு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜூனியர்கள் இதை மறக்க வேண்டாம். ஆனால் அன்றைக்குத்தான் நான் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். பெற்றவள் செய்வாளா? செய்வாள். அன்பே இல்லாமல்தான் செய்வாள் என்று நினைத்துக்கொண்டு கொடூர முகத்தைத் தேடுகிறீர்களே, அங்கேதான் தப்பு. இந்த அம்மா குழந்தைக்குத் தலைவாரிப் பொட்டு வைப்பார், கட்டிலை விட்டு நகர மாட்டார், பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் சேர்த்துக் கஞ்சி ஆற்றுவார். சிஸ்டர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பு என்பதுகூடத் தெரியும். வீட்டில் அவர் சாப்பிட்டாரா என்று கேட்க ஆளில்லை. வார்டில் ஐந்து பேர் கேட்கிறோம். குழந்தைக்குக் குணமாகிவிட்டால் அந்த ஐந்து பேரும் இல்லை. இதற்காகச் செய்ததை மன்னிக்கச் சொல்லவில்லை. பைத்தியம் என்றும் தள்ளிவிடாதீர்கள், பெரும்பாலும் அவருக்குத் தான் செய்வது தெரியும். பணத்துக்காகவா என்றால், அது வேறு வகை மோசடி. அம்மாக்களே அதிகம் மாட்டுகிறார்கள் என்றால், பிள்ளை பார்க்கும் வேலையை நாம் அவர்கள் தலையில்தானே கட்டியிருக்கிறோம். அப்பா, பாட்டி, சம்பளத்துக்கு வரும் ஆள் என்று யாரும் செய்யலாம். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கும் நடக்கிறது.

பயந்த அம்மா வேறு. இருமலுக்கெல்லாம் ஓடி வருவார், கூகுள் பார்த்து நம்மைக் குடைவார். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்றதும் அழுதுவிடுவார், நிம்மதியில். நான் சொல்லும் அம்மாவின் முகம் அப்போது வாடும். "அப்போ அடுத்த டெஸ்ட் எப்போ?"

1977இல் இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் ராய் மெடோ இப்படி இரண்டு குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். ஒரு குழந்தையின் சிறுநீர் மாதிரியைத் தாயே கெடுத்துக் கொடுத்தார். நர்ஸ் கையால் பிடித்தது சுத்தமாக இருந்தது. இன்னொரு குழந்தைக்கு உப்பைக் கொடுத்தே சாகடித்திருந்தார்கள். அதே மெடோதான் பின்னால், இரண்டு கைக்குழந்தைகளை இழந்த ஒரு தாயின் வழக்கில், இயற்கையாக இப்படி நடக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று தப்புக் கணக்குச் சொன்னவர். 1999இல் தண்டனை பெற்ற அந்தத் தாய் 2003இல்தான் விடுதலையானார். சந்தேகப்படத் தெரிந்தவருக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும். நம் மலையில் இது இன்னும் முக்கியம். பணியர், இருளர், குறும்பர் என்ற பழங்குடிக் குழந்தைகளிடம் அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது, வலி உயிர் போகும். அந்தக் குழந்தையை 'நடிக்குது' என்று திருப்பி அனுப்பினால் அது நம் குற்றம்.

டாக்டர்களே, அந்த நாலு வயதுக் குழந்தையின் முதுகில் ஊசி குத்தியது அம்மா இல்லை. நாம். அவர் சொன்னார், நாம் செய்தோம். அடுத்த டெஸ்ட் எழுதுமுன் ஒன்றே கேளுங்கள்: இதை வேறு யார் பார்த்தது? போனில் வீடியோ எடுத்து வரச் சொல்லுங்கள். அங்கன்வாடி டீச்சருக்குப் போன் போடுங்கள். பழைய ஆஸ்பத்திரியிடம் நேரடியாகக் கேளுங்கள், அம்மா வாயால் கேட்காதீர்கள். மாதிரிகளை சிஸ்டர்தான் எடுக்க வேண்டும், மருந்தை சிஸ்டர்தான் கொடுக்க வேண்டும். தயவுசெய்து, தனியாகக் கூப்பிட்டு "நீதான் செய்றியா" என்று கேட்டுவிடாதீர்கள். மறுநாள் கட்டில் காலியாக இருக்கும், குழந்தை வேறு ஆஸ்பத்திரியில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மனநல மருத்துவரையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் முதலில் கூட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் உண்டு. 2015இன் சிறார் நீதிச் சட்டத்தில் பொறுப்பில் உள்ளவர் செய்யும் கொடுமைக்குத் தண்டனையும் உண்டு. ஆனால் முதல் வேலை குழந்தையைப் பத்திரப்படுத்துவது.

இதைப் படிக்கும் அம்மாக்களில் யாராவது, 'நிறுத்த முடியலையே' என்று நினைத்தால், 14416க்குக் கூப்பிடுங்கம்மா. மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

குழந்தை இப்போது பாட்டியிடம் இருக்கிறது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம், திடீரென்று நிறுத்தக் கூடாது. அடுத்த முறை அப்பாவும் வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதினேன். இத்தனை அட்மிஷனில் அவரை நான் ஒரே முறைதான் பார்த்திருக்கிறேன். டீ ஃபேக்டரியில் லீவு தர மாட்டார்களாம். லீவு லெட்டரை நானே எழுதித் தருகிறேன், வரச் சொல்லுங்கள்.