சென்டர்லிங்க் கடன் எப்போது முற்றிலும் நீங்கும்?

ஆஸ்திரேலிய அரசின் உதவித்தொகை அலுவலகமான சென்டர்லிங்க், கூடுதலாகக் கொடுத்துவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கேட்கும் தொகைதான் சென்டர்லிங்க் கடன். "கட்ட வசதியில்லை என்று சொன்னேன், கடனை நீக்கிவிட்டார்கள்" என்று நிம்மதியாகச் சொல்பவர்களிடம் அங்கிருந்து வந்த கடிதத்தைக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் அதில் 'ரைட் ஆஃப்' என்றுதான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் (1991), 1236ஆம் பிரிவின்படி அது வசூலை நிறுத்திவைப்பது மட்டுமே. நாளை வேலை கிடைத்தால் அதே கடனை மறுபடியும் கேட்கலாம். நிரந்தரமாக நீங்க 'வெய்வர்' என்னும் தள்ளுபடி கிடைக்க வேண்டும். அதற்கான காரணங்கள் வேறு.

அதற்கு முன், கடன் சரிதானா என்று பாருங்கள். ஆண்டு வருமானத்தை இருவாரங்களுக்குச் சராசரியாகப் பிரித்துப் போட்ட 'ரோபோடெட்' என்னும் தானியங்கிக் கடன் கணக்கு சட்டப்படி செல்லாது என்றான பிறகு, 2020 மே மாதம் சுமார் 4,70,000 கடன்களுக்காக 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அரசே அறிவித்தது. கடிதத்தில் அச்சடித்த தொகை என்பதற்காக அதை நம்பிவிட வேண்டியதில்லை. கணக்கிட்ட விதத்தை எழுத்தில் கேளுங்கள். தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் உங்கள் கோப்பையும் கேட்டு வாங்கலாம்.

கடன் சரி, ஆனால் தவறு முழுக்க அலுவலகத்துடையது என்றால் 1237ஏ பிரிவு உதவும். 'முழுக்க' என்பதில்தான் பலருடைய விண்ணப்பம் விழுந்துவிடுகிறது. வேலையில் சேர்ந்ததை நீங்கள் உரிய நாளில் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் பதியாமல் விட்டிருக்க வேண்டும். வந்த பணம் உங்களுக்கு உரியது என்று நீங்கள் உண்மையாகவே நம்பியிருக்க வேண்டும். ஆறு வாரக் கெடு ஒன்றும் உண்டு: தவறை அதற்குள் கண்டுபிடித்துக் கடனை விதித்துவிட்டால் இந்தப் பிரிவு பொதுவாகப் பயன்படாது. தொலைபேசியில் தகவல் சொல்லும்போது தரும் ரசீது எண்ணைத் தேதியோடு எழுதிவைக்கச் சொல்லி நான் வற்புறுத்துவது, உரிய நாளில் சொன்னதைக் காட்டுவதற்காகத்தான். பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்குத் தரும் குடும்ப வரிச் சலுகையில் (Family Tax Benefit) வந்த கடனுக்குச் சட்டமே வேறு. அங்கே அலுவலகத் தவறோடு கடுமையான பண நெருக்கடியையும் காட்ட வேண்டும்.

மூன்றாவது வழி, 1237ஏஏடி பிரிவு சொல்லும் சிறப்புச் சூழ்நிலை. என் அனுபவத்தில் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். ஏழ்மையை மட்டும் உருக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டு, சொல்லியாக வேண்டியதைக் கூச்சத்தால் மறைத்துவிடுகிறார்கள். பண நெருக்கடி மட்டும் போதாது என்று சட்டமே சொல்கிறது. கடன் ஏற்பட்ட காலத்தில் இருந்த மனநோய், பெரிய அறுவைச் சிகிச்சை, வீட்டில் நடந்த அடி உதை, வங்கிக் கணக்கைக் கணவரே கையில் வைத்திருந்தது, இவையெல்லாம் அந்த நெருக்கடியோடு சேர்த்துப் பார்க்கப்படும். மருத்துவர் கடிதமும் சமூகப் பணியாளர் அறிக்கையும் தேதிகளோடு இருக்கட்டும். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்ததால் வந்த கடனுக்கு இந்த வழி பொதுவாக அடைபட்டிருக்கும். ஆனால் மிரட்டலுக்குப் பயந்து கையெழுத்துப் போட்ட பெண்கள், தமக்கு வழியே இல்லை என்று தாமாக முடிவு கட்டிவிட வேண்டாம். வழக்கறிஞரைப் பாருங்கள்.

மறுத்துவிட்டால் முதலில் சென்டர்லிங்கிலேயே மறுபரிசீலனை கேளுங்கள். அதன் பிறகு நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. மறுபரிசீலனை கேட்டதாலேயே பிடித்தம் தானாக நின்றுவிடாது. நிறுத்தும்படி அல்லது குறைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். தமிழில் பேச 131 202 என்ற எண்ணை அழைத்து மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். சமூகச் சட்ட மையங்களில் ஆலோசனை இலவசம்.